செண்டுமல்லி கடல் தாண்டி வந்த கதையும், எங்க வீட்டு விதை தொலைஞ்ச கதையும்



போன ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னாடி எங்க தோட்டத்தில் செண்டுமல்லி பறிப்பு நடந்துட்டு இருந்தது. விடியக்காலை 5 மணிக்கே ஆள் இறங்கியாச்சு. சீக்கிரம் மூட்டை கட்டி சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பினால்தான் விலை. வெயில் ஏறிப் போனால் பூவும் வாடும், விலையும் வாடும்.

அன்னைக்குத்தான் எங்க அக்கா மகன் சென்னையிலிருந்து குடும்பத்தோட வந்திருந்தான். அவன் மகளுக்கு 9 வயசு. வரப்பு மேல நின்னு பூக்காட்டைப் பார்த்துட்டு, "தாத்தா, இது மெக்ஸிகோ பூ. 'கோகோ' படத்துல செத்துப்போன தாத்தா பாட்டி எல்லாம் இந்தப் பூவால செஞ்ச பாலத்துல நடந்து வருவாங்க"ன்னு சொல்லுச்சு.

எனக்கு சுருக்குனு ஆயிடுச்சு. "இல்ல கண்ணு, இது நம்ம ஊருப் பூ. உங்க பாட்டியோட அப்பத்தா காலத்துல இருந்து இந்தத் தோட்டத்துல இருக்குது"ன்னு சொன்னேன். பொண்ணு விடல. அவங்கப்பன் சிரிச்சுக்கிட்டே, "மாமா, அவ சொல்றது சரியா இருந்தாலும் இருக்கும், பாருங்க"ன்னான்.

பூவெல்லாம் ஏத்தி அனுப்பிட்டு அன்னைக்கு ராத்திரியே பார்க்க ஆரம்பிச்சேன். அப்புறம் மூணு மாசம், கிடைச்சதையெல்லாம் படிச்சேன். குழந்தை சொன்னதுதான் சரி. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன், 35 வருசமா செண்டுமல்லி நடுறவன். இது எங்கிருந்து வந்ததுன்னு ஒரு நாள் கூட யோசிச்சதில்லை. படிச்சதையும் எங்க வீட்டில் நடந்ததையும் சேர்த்து எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்குங்க.

பேரே சொல்லிடுது

நம்ம ஊர்ல இதுக்கு எத்தனை பேரு பாருங்க. எங்க கொங்குப் பக்கம் செண்டுமல்லி, செண்டுப்பூ. தெற்கே போனால் கேந்தி. சில ஊர்ல துலுக்கச் சாமந்தி, துலுக்கச் செவ்வந்தி. எங்களுக்கு மேல மலையில் இருக்கிற தாளவாடிக்காரங்க கன்னடத்தில் 'செண்டு ஹூவு'ம்பாங்க. தெலுங்கில் 'பந்தி பூவு'. செண்டுன்னாலும் பந்திதான், பந்துதான். மூணு பாஷைக்காரங்களும் பார்த்த உடனே பந்து மாதிரி இருக்குதுன்னு பேர் வச்சுட்டாங்க. மல்லிக்கும் இதுக்கும் ஒரு ஒறவும் கிடையாது. சும்மா ஒட்டிக்கிட்ட பேரு.

பழைய காலத்திலிருந்து நம்மகிட்ட இருக்கிற பொருளுக்கு இப்படிப் பேர் அமையாதுங்க. வாழைக்கும் நெல்லுக்கும் எள்ளுக்கும் தனிப்பேர் இருக்குது. வெளியிலிருந்து வந்ததுக்குத்தான் தெரிஞ்ச பேர் ஒண்ணை எடுத்து, முன்னாடி ஒரு சொல்லை ஒட்டி விடுவோம். மிளகு தெரியும், அதுபோல் உறைக்கிற காய் வந்ததால் மிளகாய். பறங்கிக்காரன் வந்த காலத்தில் வந்த காய் பறங்கிக்காய். சீமைக்கருவேலம், சீமைப்பசு எல்லாம் இந்தக் கணக்குத்தான். செவ்வந்தி நமக்குத் தெரிஞ்ச பூ, அது மாதிரி கடல் தாண்டி வேற ஒண்ணு வந்தது, அதனால் துலுக்கச் செவ்வந்தி.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொல்றார். அதில் மலைப்பூ, வயல்பூ, கடற்கரைப்பூ எல்லாம் வருது. செண்டுமல்லி இல்லை. அவர் காலத்தில் இந்த மண்ணில் இந்தச் செடியே கிடையாது, அப்புறம் எப்படி வரும்?

இருபது பூ

இதோட சொந்த ஊர் மெக்ஸிகோவும் அதைச் சுத்தி இருக்கிற நாடுகளும். அங்கிருந்த ஆஸ்டெக் மக்கள் நாவாட்டல் பாஷையில் இதுக்கு வச்ச பேர் 'செம்போவால்சோச்சில்'. செம்போவாலின்னா இருபது, சோச்சில்னா பூ. இருபது பூ. அவங்க எண்ணிக்கையே இருபது இருபதாகத்தான் போகும். நமக்கு நூறு, ஆயிரம் மாதிரி அவங்களுக்கு இருபது. அதனால் 'பல பூ'ன்னு வச்சுக்கலாம்.

இந்தப் பேரு எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஏன்னா அது உண்மை. ஒரு செண்டுமல்லியைப் பிச்சுப் பாருங்க. நாம இதழ்னு சொல்ற ஒவ்வொண்ணும் தனிப் பூ. ஒவ்வொண்ணோட அடியிலயும் கறுப்பா, ஊசி மாதிரி ஒரு விதை ஒட்டியிருக்கும். சூரியகாந்தியும் செவ்வந்தியும் இதே குடும்பம்தான், எல்லாமே பல பூ சேர்ந்து ஒரு பூவாக நிக்கிறது. பூதக்கண்ணாடி இல்லாத காலத்திலேயே அதைக் கண்டுபிடிச்சுப் பேர் வச்சிருக்காங்களோ என்னமோ.

அவங்க இதை அழகுக்கு மட்டும் வளர்க்கல. 1552ல் மார்ட்டின் தே லா குரூஸ் என்கிற ஆஸ்டெக் வைத்தியர் ஒருத்தர் எழுதின மூலிகைச் சுவடி இன்னைக்கும் இருக்குது. அதில் இந்தச் செடி வருது. இடி தாக்கினவங்களுக்கும், ஆற்றைப் பத்திரமாகக் கடந்து போகணும்னு நினைக்கிறவங்களுக்கும் இதைச் சொல்லியிருக்காங்க. இன்னைக்கும் நவம்பர் 1, 2 தேதிகளில் அங்கே செத்தவங்களுக்குப் படையல் போடும்போது வாசலிலிருந்து படையல் வரைக்கும் இந்த இதழைத் தூவி வழி போடுவாங்க. நிறமும் வாசமும் பார்த்து ஆவி வீடு வந்து சேருமாம். குழந்தை படத்தில் பார்த்த பாலம் அதுதான்.

இதைப் படிச்சப்ப எனக்கு எங்க அப்பா நினைப்பு வந்தது. 2011ல் அவர் தவறினப்ப பாடை முழுக்க செண்டுமல்லி. வழி நெடுக இதழைப் பிச்சுப் போட்டுக்கிட்டே போனோம். யாரும் எங்களுக்குச் சொல்லித் தரல. பொண்டுபிள்ளைங்க இதைத் தலையில் வைக்கிறதில்லை, வாசம் ஆகாதுன்னு. ஆனா வாசல் நிலைக்கும் வண்டிக்கும் மாட்டுக்கும் பாடைக்கும் இதுதான். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே ஒரே வேலைக்கு ஒரே பூவை எடுத்திருக்கோம்.

தப்புப் பேர்களோட பயணம்

கொலம்பஸுக்குப் பின்னாடி ஸ்பெயின்காரங்க வழியாக விதை ஐரோப்பா போச்சு. அங்கிருந்து வடக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் பரவிடுச்சு. 1535ல் ஸ்பெயின் அரசர் ஐந்தாம் சார்லஸ் டூனிஸ் நகரத்தைப் பிடிக்கப் போனப்ப, அங்கே இந்தச் செடியைப் பார்த்துட்டு ஆப்பிரிக்கப் பூன்னே நினைச்சுட்டாங்கன்னு ஒரு கதை உண்டு. அதனால்தான் உயரமா வளர்ற பெரிய பூவுக்கு இங்கிலீஷில் ஆப்பிரிக்கன் மேரிகோல்டுன்னு பேரு. குட்டையா, சிவப்புக் கலந்து பூக்கிறது பிரெஞ்சு மேரிகோல்டு. ஆப்பிரிக்காவும் இல்லை, பிரான்சும் இல்லை. இரண்டுக்கும் ஊர் மெக்ஸிகோ பக்கம்தான். மேரிகோல்டுங்கிற பேரே ஐரோப்பாவில் முன்னாடி வேற ஒரு மஞ்சள் பூவுக்கு இருந்தது, அதை எடுத்து இதுக்கும் வச்சுட்டாங்க.

1753ல் லின்னேயஸ் இதுக்கு விஞ்ஞானப் பேர் வச்சப்ப பெரியதை டாஜெட்டஸ் எரெக்டா, சின்னதை டாஜெட்டஸ் பட்டுலான்னு எழுதினார். டாஜெட்டஸ்ங்கிறது டாஜஸ் என்கிற ஒரு தெய்வப் பேரிலிருந்து வந்ததுன்னு சொல்றாங்க. இத்தாலியில் பழைய காலத்தில் ஒரு உழவன் ஆழமா சால் ஓட்டினப்ப, சாலுக்குள்ளிருந்து எழுந்து வந்த குழந்தையாம் அது. எத்தனையோ தப்புப் பேருக்கு நடுவுல இந்த ஒண்ணு நமக்குப் பொருத்தமா அமைஞ்சு போச்சு.

இந்தியாவுக்குக் கொண்டு வந்தவங்க போர்ச்சுகீசியர்ங்கிறதுதான் பொதுவா சொல்றது. மிளகாய், முந்திரி, கொய்யா, பப்பாளி, அன்னாசின்னு அவங்க கப்பலில் வந்த பட்டியல் பெருசு. வந்த எல்லாத்துக்கும் நாம இடம் கொடுத்தோம். மிளகாய் இல்லாத கொழம்பை இன்னைக்கு யோசிக்க முடியுமா? செண்டுமல்லி இல்லாத ஆயுத பூஜையும் அப்படித்தான்.

அப்பத்தாவோட செண்டு

இனி எங்க வீட்டுக் கதை.

எங்க அப்பத்தா காலத்தில் செண்டுமல்லி விக்கிற பூ இல்லை. கிணத்து மேட்டில் ஒரு பாத்தி, வாய்க்கால் ஓரத்தில் ஒரு வரிசை. மாட்டுப்பொங்கலுக்கு மாட்டுக்கு மாலை, மாரியம்மன் சாட்டுக்கு ஒரு கூடை, அக்கம்பக்கத்தில் எழவுன்னா கேக்காமலே பறிச்சுட்டுப் போவாங்க. காசு வாங்கினதில்லை.

அந்தச் செடி என் இடுப்புக்கு மேல வளரும். பூ அவ்வளவு பெருசு இல்லை, எலுமிச்சம்பழத்தை விடக் கொஞ்சம் பெருசு. நிறம் நல்ல காவி. நடுவுல சின்னதா ஒரு கண்ணு தெரியும். காம்பு நீளம், கடினம். முக்கியமா, மழை தாங்கும். ஐப்பசி அடைமழையில் நனைஞ்சாலும் தண்ணி உள்ளே நிக்காது, ஒரு உதறு உதறினால் போச்சு. வாசம்னா அப்படி ஒரு வாசம். பறிச்ச கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோத்துல தெரியும்.

விதை எடுக்கிறது அப்பத்தா வேலை, வேற யாரும் தொடக்கூடாது. பாத்தியில் நாலஞ்சு நல்ல செடியில் மொதல்ல வர்ற பூவில் ஒரு வெள்ளைத் துணி கட்டி விடும். அந்தப் பூவை யார் பறிச்சாலும் திட்டு. அது செடியிலேயே காஞ்சு பழுப்பானதும் பறிச்சு, நெழல்ல காய வச்சு, உதுத்து, சாம்பல் கலந்து ஒரு பித்தளைத் தூக்குப்போசியில் போட்டுப் பரண் மேல வச்சிரும். "மொதப் பூவைத் தின்னவன் மறுவருசம் பட்டினி, அப்புனு"ன்னு எங்கிட்டச் சொல்லும். பூவைத் தின்பாங்களான்னு நான் சிரிச்சிருக்கேன். அதோட அர்த்தம் புரிய எனக்கு 40 வயசாச்சு.

அப்பத்தா 1989ல் போயிருச்சு. போசி எங்க அம்மா கைக்கு வந்தது.

வாசம் வேண்டாம்னு சொன்ன வியாபாரி

இங்கே அப்பத்தா துணி கட்டிக்கிட்டு இருந்த அதே காலத்தில், அமெரிக்காவில் ஒருத்தர் இந்தப் பூவுக்கே தன் ஆயுசைக் கொடுத்துட்டு இருந்தார். டேவிட் பர்பி. பிலடெல்பியாவில் அவங்கப்பா நடத்தின விதைக் கம்பெனி 1915ல் அவர் கைக்கு வந்தது. செண்டுமல்லியை அமெரிக்காவோட பூவாக ஆக்கிக் காட்டறேன்னு இறங்கிட்டார்.

அவருக்கு மொதத் தடை வாசம். நகரத்துக்காரங்களுக்கு அந்த வாசம் ஆகல. வாசமில்லாத செடியைத் தேடி உலகம் பூரா கேட்டு எழுதினார். திபெத் பக்கம் இருந்த ஒரு கிறிஸ்தவ ஊழியர் அனுப்பின விதையில் இலை மணக்காத செடி கிடைச்சது. அதிலிருந்து 1937ல் 'கிரவுன் ஆஃப் கோல்டு'ன்னு ஒரு ரகம் வந்தது. 1939ல் பெரிய பூவையும் சின்னப் பூவையும் ஒட்டுச் சேர்த்து 'ரெட் அண்ட் கோல்டு'ன்னு ஒரு கலப்பினம் விட்டார். கோவேறு கழுதை மாதிரிதான் அது. நல்லாப் பூக்கும், ஆனா அதோட விதையிலிருந்து வம்சம் வராது.

செண்டுமல்லியை நாட்டோட தேசியப் பூவாக்கணும்னு செனட்டர் எவரெட் டர்க்சன் 1959ல் தீர்மானமே கொண்டு வந்தார். பர்பியும் அதுக்காக விடாமல் அலைஞ்சார். நடக்கல. 1986ல் ரோஜா அந்த இடத்தைப் பிடிச்சுடுச்சு.

பர்பி செஞ்ச இன்னொரு காரியம்தான் எனக்கு முக்கியம். மஞ்சள், காவி, சிவப்பு எல்லாம் இருக்குது, சுத்த வெள்ளைச் செண்டுமல்லி மட்டும் இல்லை. 1954ல் அவர் ஒரு அறிவிப்பு விட்டார்: வெள்ளைச் செண்டுமல்லி விதை அனுப்புறவங்களுக்கு 10,000 டாலர். கம்பெனியோட விஞ்ஞானிகளுக்கு இல்லை, வீட்டில் பூச்செடி வளர்க்கிற எல்லாருக்கும். அந்தக் கதையைக் கடைசியில் சொல்றேன்.

கலப்பினம் எங்க தோட்டத்துக்கு வந்தப்ப

எங்க ஊருக்குக் கலப்பினச் செண்டுமல்லி வந்தது 90களில். நான் 1996ல் மொதல் தடவை போட்டேன். நாற்று விட்டு, 30 நாளில் எடுத்து நட்டு, ஒரு மாசத்தில் நுனி கிள்ளி விட்டால் பக்கக் கிளை வெடிச்சு வரும். அப்பத்தா செடியில் ஒரு கூடை எடுத்த இடத்தில் இரண்டு கூடை. பூ பந்து மாதிரி, கண்ணே தெரியாது. எல்லாச் செடியும் ஒரே உயரம், ஒரே நாளில் பூக்கும். மார்க்கெட்டில் அதுக்குத்தான் விலை. நாட்டுச் செண்டைக் கொண்டு போனால் மூட்டையைப் பிரிச்சுக் கூடப் பார்க்கல.

பொய் சொல்லக் கூடாதுங்க. எங்க வீட்டுக்குக் காரைத் தளம் போட்டது, மகளை டவுன் காலேஜுக்கு அனுப்பினது எல்லாம் கலப்பினச் செண்டுமல்லிக் காசுதான். அதனால் அதை நான் வையமாட்டேன்.

அடுத்த வருசம் நான் ஒரு புத்திசாலித்தனம் பண்ணினேன். விதை விலை அதிகமா இருக்குதே, நாமே எடுத்துக்கலாம்னு நல்ல நல்ல பூவாகப் பார்த்து விதை எடுத்து அரை ஏக்கர் போட்டேன். பூத்தப்பதான் தெரிஞ்சது. ஒண்ணு முழங்கால் உயரம், ஒண்ணு நெஞ்சு உயரம். ஒண்ணு மஞ்சள், ஒண்ணு காவி. சிலதில் வெறும் அஞ்சு இதழ். வியாபாரி பார்த்துட்டு, "என்னங்க கவுண்டரே, கதம்பமா கட்டி வித்துருங்க"ன்னுட்டுப் போயிட்டார். கலப்பினத்தோட விதை தாய் மாதிரி வராது. தாயும் தகப்பனும் யாருன்னு கம்பெனிக்குத்தான் தெரியும், இரண்டையும் அவங்கதான் வச்சிருப்பாங்க. நமக்கு ஒரு தலைமுறைதான் விக்கிறாங்க. இப்ப ஒரு விதை இரண்டு ரூபாய்க்கு மேல. ஏக்கருக்குப் பத்தாயிரம் நாற்று வேணும், கணக்குப் போட்டுக்குங்க.

அதுக்கப்புறம் பலதையும் நட்டுப் பார்த்தேன். டெல்லி பூசா நிலையம் 1995ல் விட்ட 'பூசா நாரங்கி கேந்தா', 'பூசா பசந்தி கேந்தா' இரண்டும் கலப்பினம் இல்லை, ரகம்தான், விதை எடுத்து வைக்கலாம். நாரங்கி காவி, பசந்தி மஞ்சள். எனக்கு நாரங்கி நல்லா வந்தது, ஆனா எங்க மார்க்கெட்டில் கலப்பினத்துக்கு ஒரு படி கீழேதான். நம்ம வேளாண் பல்கலைக்கழகம் விட்ட எம்.டி.யு. 1 இருக்குது, அதை நான் போட்டதில்லை. கொல்கத்தா பக்கம் விதையே இல்லாமல் கிளை நுனியை வெட்டி வேர் விட வச்சு நடுறாங்க. அந்த நாற்று ஒரு தடவை வாங்கி நட்டேன், பூ அழகு, ஆனா வழியிலேயே பாதி வாடிப் போச்சு. குட்டைப் பிரெஞ்சு ரகம் தக்காளிக்கு நடுவுல போட்டேன், பார்க்க நல்லா இருந்துச்சு, பறிக்கத்தான் இடுப்பு ஒடிஞ்சு போச்சு.

தக்காளின்னதும் ஒண்ணு சொல்லணும். 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை பெரிய செண்டுமல்லின்னு போட்டால், காய்ப்புழு தாய் அந்துப்பூச்சி தக்காளியை விட்டுட்டுப் பூவில் வந்து முட்டை வைக்கும். தக்காளியை விட 20 நாள் முன்னாடி செண்டுமல்லியை நாற்று விட்டிருக்கணும், அப்பதான் இரண்டும் ஒண்ணாப் பூக்கும். வேரிலிருக்கிற ஒரு சத்து மண்ணிலிருக்கிற நூற்புழுவையும் கட்டுப்படுத்தும். அமெரிக்கா வேண்டாம்னு சொன்ன காரம் எல்லாம் நமக்கு வேலை செய்யுது பாருங்க.

நடுவுல ஒரு நாலு வருசம் ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் போட்டேன். மாலைக்கு இல்லைங்க, சாயத்துக்கு. இதழைப் புளிக்க வச்சு, காய வச்சு, லூட்டின்னு ஒரு மஞ்சள் சத்தை எடுப்பாங்க. கோழிக்குத் தானாக அந்த நிறத்தை உண்டாக்கத் தெரியாது, தீவனத்தில் கிடைச்சால்தான் மஞ்சள் கரு நல்ல மஞ்சளாகும். நீங்க டவுனில் ஆம்லெட் சாப்பிடும்போது அதில் செண்டுமல்லி இருந்தாலும் இருக்கும். அவங்களே விதை கொடுத்து, விலையை முன்கூட்டியே பேசி எடுத்துக்கிட்டாங்க. மூணு வருசம் ஓடினது. நாலாவது வருசம் மழை, பூவில் ஈரம் அதிகம்னு எடை கழிச்சாங்க. கழிச்சது போக வந்தது பறிப்புக் கூலிக்கு ஆச்சு. விட்டுட்டேன்.

போசி காலியானது

2003 வறட்சி எங்க பக்கத்துக்காரங்களுக்கு மறக்காது. பவானிசாகர் அணையில் தண்ணி இல்லை, வாய்க்கால் வரல, கிணறு அடி தெரிஞ்சது. இருந்த கொஞ்சத் தண்ணியை மாட்டுக்கும் தென்னைக்கும் விட்டோம். "ஒரு பாத்தி மட்டும் நாட்டுச் செண்டு போட்டு விதை மாத்திக்கலாம்டா, பழைய விதை மொளைக்காது"ன்னு அம்மா இரண்டு வருசமாச் சொல்லிட்டு இருந்துச்சு. நான், "யாரும்மா வாங்கறாங்க அதை"ன்னு சொல்லித் தள்ளிட்டேன்.

2005ல் நல்ல மழை. அம்மா போசியை எடுத்து விதைச்சுச்சு. ஒண்ணு கூட மொளைக்கல. சாம்பலைச் சலிச்சு அடி வரைக்கும் எடுத்துப் போட்டுப் பார்த்தோம். செண்டுமல்லி விதை வருசக்கணக்கில் தாங்காது. ஊரில் கேட்டோம், எல்லார் வீட்டிலயும் கலப்பினம் வந்து பழசு போயிருந்தது. அம்மா ஒரு வார்த்தை கோவிக்கல. போசியைக் கழுவிக் கவுத்து வச்சுருச்சு. திட்டியிருந்தால் தேவலைன்னு இருந்தது எனக்கு.

அப்புறம் 15 வருசம் அதை நான் மறந்தே போயிட்டேன்.

ஒரு நாள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன், கோபி தாண்டி ஒரு ஊர். பொடக்காளியில் துணி தொவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தானா மொளைச்ச செண்டுமல்லி கொஞ்சம் நின்னுச்சு. சிலதில் அந்தக் கண்ணு தெரிஞ்சது. "ஏக்கா, இது எங்கிருந்து?"ன்னேன். "நான் கட்டிட்டு வந்தப்ப அப்பத்தா மடியில் கட்டிக் கொடுத்துச்சுடா. அதுபாட்டுக்கு வருது, நான் என்னத்தைப் பண்ணினேன்"னு சொன்னா.

ஆனா பக்கத்துத் தோட்டமெல்லாம் கலப்பினம். தேனீக்கு வேலி தெரியாது. 30 வருசம் கலந்து போன விதை அது. கொண்டு வந்து போட்ட மொத வருசம் 60 செடியில் 7 செடிதான் பழைய ஜாடை.

ஐயோவா மாநிலத்து அம்மா

இப்ப அந்த 10,000 டாலர் கதைக்கு வர்றேன். 1954லிருந்து வருசா வருசம் நாடு பூரா இருந்து விதை வந்துகிட்டே இருந்தது. எல்லாம் வெளிர் மஞ்சள், தந்த நிறம். சுத்த வெள்ளை வரல. 21 வருசம் கழிச்சு 1975ல் பரிசு வாங்கினவங்க ஆலிஸ் வோங்க். ஐயோவா மாநிலத்தில் சல்லிங்கிற சின்ன ஊர்க்காரங்க. விஞ்ஞானி இல்லை, வீட்டுத் தோட்டத்தில் பூ வளர்க்கிற அம்மா. அவங்க செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். ஒவ்வொரு வருசமும் இருக்கிறதிலேயே வெளுத்த பூ எதுன்னு பார்த்து, அதில் மட்டும் விதை எடுத்து, மறுவருசம் அதையே போட்டாங்க. கிட்டத்தட்ட 20 வருசம்.

இதைப் படிச்சப்ப ராத்திரி 11 மணி. எந்திரிச்சுப் போய் பரண் மேல இருந்த போசியைப் பார்த்துட்டு வந்தேன். வெள்ளைத் துணி கட்டின எங்க அப்பத்தாவும் இதே வேலையைத்தான் செஞ்சிருக்குது. பரிசுதான் யாரும் அறிவிக்கல.

இப்ப நானும் அதையே செய்யறேன். ஊரில் எல்லாரும் ஆயுத பூஜைக்கு ஆடியில் நடுவாங்க, பொங்கலுக்கு ஐப்பசியில் நடுவாங்க. நான் விதைப்பாத்தியைத் தையில் நாற்று விட்டு மாசியில் நடுறேன். சித்திரை வெயிலில் சுத்துவட்டாரத்தில் வேற செண்டுமல்லி பூக்காது, அதனால் கலப்பு வராது. வெயிலில் தண்ணி கட்டுறதுதான் செரமம். மொட்டு விரியும்போதே ஜாடை மாறின செடியைப் பிடுங்கிருவேன். நல்லதில் மொதப் பூவுக்குத் துணி. நாலு வருசம் ஆச்சு. போன வருசம் பாதிக்கு மேல பழைய உயரம் வந்திருச்சு, கண்ணும் வந்திருச்சு. மழை தாங்குதான்னு தெரிய ஒரு பாத்தி ஐப்பசியில் போட்டேன், தாங்கினது. அதில் மட்டும் விதை எடுக்கல.

வாசம்தான் இன்னும் சரியா வரல. அது எனக்கு ஞாபகமும் இல்லை. பார்த்துச் சொல்ல இருக்கிறது அம்மா ஒருத்தர்தான். 82 வயசு. கண்ணு சரியாத் தெரியாது, மூக்கும் கையும் நல்லா இருக்குது. ஒவ்வொரு வருசமும் துணி கட்டினதில் ஒவ்வொரு பூவாகக் கொண்டு போய்க் கொடுப்பேன். தடவிப் பார்க்கும், காம்பை ஒடிச்சுப் பார்க்கும், இலையைக் கசக்கி மோந்து பார்க்கும். "இது இல்லடா"ன்னு திருப்பிக் கொடுத்துரும். இந்தச் சித்திரையில் 11 பூவில் 9 திரும்பி வந்தது. இரண்டை மட்டும் மடியில் வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "கிட்ட வந்துட்டே. இன்னும் இரண்டு வருசம் போடு"ன்னு சொன்னுச்சு.

இரண்டு வருசம். எனக்கும் அதே கவலைதான், வேற என்ன சொல்ல.

அந்த இரண்டு செடி விதையை இந்தத் தடவை போசியில் மட்டும் வைக்கல. ஒரே வீட்டில் வச்சதுதானே மொதத் தப்பு. ஒரு பங்கு போசியில், ஒரு பங்கு அக்கா வீட்டில், ஒரு பொட்டலம் சென்னையில் அந்தக் குழந்தைகிட்ட. மாடித் தொட்டியில் போட்டு மொதப் பூவுக்குத் துணி கட்டணும்னு சொல்லிக் கொடுத்திருக்கேன். "மெக்ஸிகோ பூதான் கண்ணு, நீ சொன்னது சரி. ஆனா நம்ம வீட்டுக்கும் சொந்தம்"னு சொன்னேன். ஒத்துக்கிச்சு.

விதை கேட்டு யாரும் எழுதாதீங்க, கொடுக்கிற அளவுக்கு இன்னும் இல்லை. அதுக்குப் பதிலா அடுத்த தடவை சொந்த ஊருக்குப் போறப்ப, பொடக்காளியிலோ கிணத்து மேட்டிலோ யாரும் நடாமல் தானா வர்ற செடி எதுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்டக் கேட்டுப் பாருங்க. அவங்க இருக்கும்போதே கேட்டுருங்க.

மழை இருட்டிட்டு வருது, மோட்டாரை நிறுத்தப் போகணும். வர்றேனுங்க.